பெங்களூர்ப் பிரபுவின் பிள்ளைகள்

பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம், இந்நகரையும் தஞ்சையையும் இணைத்த ஒரு குடும்பத்தை அறிதல் நன்று.

1638-இல் பீஜப்பூர்ப் படை கெம்பே கௌடரின் மரபினரிடமிருந்து பெங்களூரைக் கைப்பற்றியது. பின்னர் இவ்வூர் மராட்டியப் பிரபு ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீராயிற்று. மூத்த மனைவி ஜீஜாபாயின் மகன் சிவாஜி பூனாவில் தலையெடுத்தார். இளையவர் துக்காபாயின் மகன் ஏகோஜி தென்னாட்டில் தந்தையுடன் தங்கினார்.

1664-இல் ஹோதிகெரெயில் வேட்டையின்போது குதிரையினின்று வீழ்ந்து ஷாஹாஜி மாண்டார். பின்னர் ஏகோஜி தஞ்சைக்கு அரசரானார். 1677-இல் சிவாஜி வந்து தந்தையின் உடைமையில் பாகம் கேட்டார், தம்பி இணங்கவில்லை. போர் மூண்டு, உடன்பாட்டில் முடிந்தது.

பத்தாண்டில் பெங்களூர் கைமாறிற்று. தஞ்சையில் அம்மரபின் ஆட்சியும் 1855-இல் முடிந்தது. எனினும் இரண்டாம் சரபோஜி பெருக்கிய சரஸ்வதி மகால் நூலகம் தமிழ்ச் சுவடிகளை இன்றும் காக்கிறது. உடன்பிறந்தார் பொருது பெற்ற மண் போயிற்று. பேணி வளர்த்த ஏடுகளே எஞ்சின.