சட்டைப்பையில் ஆயிரம் பாடல்கள்: ஒரு விலைப்பட்டியலின் வரலாறு

விலைப்பட்டியலை வரலாற்று ஆவணமாக வாசிக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. ஆனால் பத்திரிகைப் பணியில் செய்திப் பக்கத்தையும் விளம்பரப் பக்கத்தையும் அருகருகே பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு காலத்தின் மனப்போக்கைத் தலையங்கத்தை விட விளம்பரமே சில வேளைகளில் தெளிவாகச் சொல்லிவிடுவதாகத் தோன்றுவதுண்டு. அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் விற்கப்பட்ட கதை அதற்கு நல்ல உதாரணம்.

2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி, கலிபோர்னியாவில் சிறிய தொகைப் பத்திரிகையாளர் முன்னிலையில் ஸ்டீவ் ஜொப்ஸ் அக்கருவியை அறிமுகம் செய்தார். விலை 399 டொலர். மக்கின்டொஷ் கணினி வைத்திருந்தோருக்கு மட்டுமே அது பயன்பட்டது. அமெரிக்கா செப்டெம்பர் தாக்குதலின் அதிர்ச்சியிலிருந்து மீளாதிருந்த நேரம் அது. இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று பலர் ஏளனம் செய்ததில் வியப்பில்லை.

இத்துறையில் ஐபொட் முதலாவதும் அல்ல. கொள்ளளவில் பெரியதும் அல்ல. 1998இல் வெளிவந்த டயமண்ட் நிறுவனத்தின் ரியோ 200 டொலருக்கு விற்கப்பட்டது. அதன் 32 மெகாபைற்றில் ஏறத்தாழ அரை மணி நேர இசையே அடங்கும். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அதனைத் தடை செய்யக் கோரி வழக்குத் தொடுத்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ரியோவுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. 2000இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைற் கொள்ளளவுடன் நொமாட் ஜூக்பொக்ஸ் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. ஐபொட்டின் கொள்ளளவோ 5 கிகாபைற் மட்டுமே.

ஆயினும் மற்றவர்கள் கிகாபைற் என்று எழுதிய இடத்தில் அப்பிள் 'ஆயிரம் பாடல்கள் உங்கள் சட்டைப்பையில்' என்று எழுதியது. தலைப்பு எழுதிப் பழகியவர்கள் இதன் வலிமையை உடனே உணர்வார்கள். கிகாபைற் எவ்வளவு என்று அன்று பலருக்குத் தெரியாது. ஆயிரம் பாடல் என்றால் என்ன என்பதும், சட்டைப்பை எவ்வளவு பெரியது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து அந்நிறுவனம் விலையில் செய்தது கவனிக்கத்தக்கது. பொருள் பழையதானால் விலையைக் குறைத்து விற்பதே சந்தை வழக்கம். அப்பிள் விலையைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்து, பொருளை மாற்றியது. 399 டொலர் என்ற படி அப்படியே இருக்க, அதற்குக் கிடைத்த கொள்ளளவு 2002இல் 10 கிகாபைற்றாகவும் 2003இல் 15 ஆகவும் உயர்ந்தது. பின்னர் அந்த ஏணிக்குக் கீழ்ப்படிகள் அமைக்கப்பட்டன. 2004 ஜனவரியில் ஐபொட் மினி வந்தது: 4 கிகாபைற், 249 டொலர். மேலும் 50 டொலர் கொடுத்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு கொள்ளளவுள்ள பெரிய ஐபொட் கிடைக்கையில் இதை எவர் வாங்குவார் என்று விமர்சகர்கள் கேட்டனர். மக்கள் மினியையே விரும்பி வாங்கினர். 2005 ஜனவரியில் திரையே இல்லாத ஷஃபிள் 99 டொலருக்கு வந்தது. எந்தப் பாடல் வரும் என்று தெரியாத குறையையே விளம்பரம் ஒரு சுவையாக்கிக் காட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில், நன்றாக விற்றுக்கொண்டிருந்த மினியை நிறுத்திவிட்டு நானோவை நிறுவனம் கொண்டுவந்தது.

விளம்பரச் சுவரொட்டிகளில் விலையோ தொழில்நுட்பமோ இல்லை. பளிச்சென்ற வண்ணப் பின்னணியில் ஆடும் கரிய நிழலுருவம், அதன் காதிலிருந்து இறங்கும் வெள்ளைக் கம்பி, அவ்வளவுதான். கருவி சட்டைப்பையில் மறைந்திருக்க, வெளியில் தெரிவது அந்தக் கம்பி மட்டுமே. வாங்கியவர் ஒவ்வொருவரும் வீதியில் நடமாடும் விளம்பரமானார்.

இனித்தான் என்னை உறுத்தும் பகுதி வருகிறது. 2003 ஏப்ரல் 28ஆம் திகதி அப்பிள் இணையத்தில் பாடல் கடை திறந்தது. எந்தப் பாடலானாலும் 99 சதம். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாடல்கள் விற்பனையாகின. அத்தொகையின் பெரும்பகுதி பதிவு நிறுவனங்களுக்குச் சென்றது. அப்பிளுக்கு அதில் மிஞ்சியது சொற்பம். சவரக் கத்தியை மலிவாகக் கொடுத்து அலகில் இலாபம் காண்பது பழைய வணிக முறை. இங்கே அது தலைகீழானது. அலகு மலிவு, கத்தி விலை உயர்ந்தது. பாடல் என்பது கருவியை விற்பதற்கான தூண்டில் புழுவாயிற்று.

2004இல் பெப்சி நிறுவனத்துடன் சேர்ந்து, போத்தல் மூடிகளின் உட்புறத்தில் பத்துக் கோடி பாடல்களை இலவசமாக அறிவித்தார்கள். போத்தலைச் சரித்துப் பிடித்து, மூடியைத் திறக்காமலே பரிசு உண்டா என்று பார்க்கும் தந்திரமும் விரைவில் பரவியது. அப்படியிருந்தும் மீட்கப்பட்டவை சுமார் ஐம்பது லட்சம் மட்டுமே. பாடல் குளிர்பான மூடியின் உட்புறத்தில் வந்து சேர்ந்ததே அந்தக் காலத்தின் செய்தி.

போட்டியாளர் சளைக்கவில்லை. 2004 நவம்பரில் கிரியேட்டிவ் நிறுவனத் தலைவர் சிம் வொங் ஹூ போர்ப் பிரகடனம் செய்து, விளம்பரத்துக்குப் பத்துக் கோடி டொலர் ஒதுக்குவதாக அறிவித்தார். சந்தை அசையவில்லை. 2006 ஓகஸ்டில் காப்புரிமை வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ள அப்பிள் அந்நிறுவனத்துக்குக் கொடுத்த தொகையும் பத்துக் கோடி டொலர்தான். 1979இல் வோக்மனை உலகுக்குத் தந்த சோனி, 2004இல் வெளியிட்ட வன்தட்டு வோக்மனில் எம்பி3 கோப்புகளை நேரடியாகக் கேட்க இடமளிக்கவில்லை. தன்னிடமே இசைப்பதிவு நிறுவனம் இருந்ததால் ஒரு கை மறு கையைத் தடுத்தது. 2006 நவம்பரில் மைக்ரோசொப்ட் தனது சூன் கருவியை ஐபொட்டுக்கு நிகரான விலையில் இறக்கியபோது, யூனிவர்சல் இசை நிறுவனம் விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனக்கொரு கட்டணம் கேட்டுப் பெற்றது. பணம் கருவியில்தான் இருக்கிறது என்பதை இசையுலகம் அதற்குள் புரிந்துகொண்டிருந்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. இசைத்தொகுப்பு தனிப்பாடல்களாக உடைந்தது. ஒரு பாடலின் மதிப்பு 99 சதம் என்பது மக்கள் மனதில் பதிந்தது. 2009இல் 69, 99, 129 சதம் என மூன்று விலைகள் வந்தும் அந்தப் பதிவு அழியவில்லை.

கருவியும் நிலைக்கவில்லை. 2007இல் வந்த ஐபோன் அதனை விழுங்கியது. கிளாசிக் 2014இலும், நானோவும் ஷஃபிளும் 2017இலும், கடைசியாக எஞ்சிய ஐபொட் டச் 2022 மே மாதத்திலும் நிறுத்தப்பட்டன. பாடல்கள் மட்டும் இருக்கின்றன, தமக்கெனக் குறித்த விலையின்றி, மாதச் சந்தாவுக்குள்.

இதை எழுதும்போது என் தொழிலையும் நினைத்துக்கொள்கிறேன். இணையம் வந்த நாட்களில் நாமும் செய்தியை விலையின்றி அள்ளிக் கொடுத்தோம். வாசகர் திரள்வர், விளம்பரம் பின்னால் வரும் என்று நம்பினோம். வாசகர் திரண்டார்கள், விளம்பரப் பணம் வேறு வாசல்களுக்குப் போனது. பாடகர்கள் கேட்க வேண்டிய கேள்வியை நாங்களும் கேட்கத் தவறினோம்: நம் படைப்பின் விலையைக் குறிப்பவர், உண்மையில் எந்தப் பொருளை விற்கிறார்?