நிறம் போதுமான சான்றா? லேபிஸ் லசுலியும் பெங்களூரு நகைச் சந்தையும்

நகைக்கடையில் ‘நீலம்’ (சஃபையர்) என்றால் அது கொரண்டம் இனக் கல். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9. லேபிஸ் லசுலியின் கடினம் 5 முதல் 6 வரைதான். அது ஒற்றைக் கனிமமும் அல்ல. நீல லாசுரைட், வெள்ளைக் கால்சைட், பொன்னிறப் பைரைட் முதலியவை கலந்த பாறை. ஆயினும் அதை நீலத்தின் மலிவான மாற்றாக, நிறத்தைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நீடிக்கிறது. போலிகளுக்கு வாசல் திறப்பது இந்த வழக்கமே என்பதும், லேபிஸைப் பாறையாகவே சோதிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நிறம் ஒரு காலத்தில் ஓரளவு நம்பத்தக்க சான்றாக இருந்தது. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் பகுதியில், கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சார்-இ-சங் சுரங்கங்களே பழைய உலகத்துக்கு லேபிஸ் தந்த முதன்மை ஊற்று. சிந்துவெளி மக்கள் வடக்கே ஆமூ தரியா அருகே ஷார்ட்டுகையில் ஒரு குடியிருப்பே அமைத்திருந்தனர். இந்தக் கல்வணிகம் அதற்கு முக்கியக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நிறத்தை நம்பலாம் என்ற நிலையை மாற்றியவர் பிரெஞ்சு வேதியியலர் கிமே. களிமண், சோடா, கந்தகம் முதலியவற்றைச் சூளையில் சுட்டு லேபிஸின் அதே நீலத்தைச் செய்து, 1828இல் பரிசு பெற்றார். அன்றிலிருந்து அந்த நீலம் மலையில் மட்டும் பிறப்பதில்லை.

சஃபையரின் நீலத்துக்கும் லேபிஸின் நீலத்துக்கும் காரணம் வேறு. சஃபையரில் நிறம் தருவது சிறிதளவு இரும்பும் டைட்டானியமும். லேபிஸில் நிறம் தருவதோ, படிகக் கூட்டுக்குள் அடைபட்ட மூன்று கந்தக அணுக்களின் அயனி. அது மஞ்சள், சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் மிஞ்சுவது நீலம்.

இந்த வேறுபாட்டைக் கருவியால் கண்டறிவதில் பெங்களூருக்குத் தனி உரிமை உண்டு. சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28இல் கொல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் விளைவே, இன்று ரத்தினப் பரிசோதனைக் கூடங்களின் அன்றாடக் கருவி ஒன்றுக்கு அடிப்படை. 1933இல் பெங்களூரு வந்த ராமன், 1948இல் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அங்கே லாப்ரடோரைட், இலங்கையின் சந்திரகாந்தக் கல், முத்து ஆகியவற்றின் ஒளியை ஆராய்ந்தார். அவர் சேர்த்த கற்களும் கனிமங்களும் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

லேபிஸ் மீது லேசர் பட்டதும் அந்தக் கந்தக அயனி, ராமன் நிறமாலையில் ஏறக்குறைய 548 செ.மீ.⁻¹ இடத்தில் ஓங்கிய முகடு காட்டும். சாயமேற்றிய ஹௌலைட்டும், ‘சுவிஸ் லேபிஸ்’ என விற்கப்படும் சாயமேற்றிய ஜாஸ்பரும் அந்த முகட்டைக் காட்டுவதில்லை. அங்கே கருவி சொல்வதே தீர்ப்பு.

ஆனால் கருவிக்கும் எல்லை உண்டு. கிமே செய்தது போன்ற செயற்கை நீல நிறமியான அல்ட்ராமரைனிலும் இருப்பது அதே அயனி; அதே முகடுதான் வரும். கில்சன் என்ற தயாரிப்பாளரின் செயற்கை லேபிஸில் பைரைட் துகள்கூடச் சேர்க்கப்பட்டது. வெளிறிய அசல் லேபிஸுக்குச் சாயமேற்றி மெழுகு பூசினாலும் முகடு மாறாது. எனவே பொன்துகள் இருப்பதும் முகடு வருவதும் சேர்ந்தாலும் போதா.

மிச்ச வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். மணியின் துளையோரத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சை மெல்லத் தேய்த்தால், சாயம் இருக்குமிடத்தில் பெரும்பாலும் பஞ்சு நீலமாகும். மேலே மெழுகு இருந்தால் அதை முதலில் நீக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இயற்கைக் கல்லில் பைரைட் ஒழுங்கின்றித் திட்டும் இழையுமாகக் கிடக்கும். கில்சன் கல்லிலோ சீராகத் தூவியதுபோல் தெரியும். அது நுண்துளை மிகுந்தது, எடையடர்த்தியும் குறைவு. அமிலச் சோதனை கூடாது: அழுகிய முட்டை நாற்றம் செயற்கைக் கல்லிலும் வரும், கல்லின் மெருகும் போய்விடும்.

சிவாஜிநகர் ஜுவல்லர்ஸ் தெருவிலும் சிக்பேட்டையிலும் தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்டு வாங்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. லேபிஸ் நகையின் ரசீதிலும் மூன்று விவரங்கள் எழுதப்பட வேண்டும்: இயற்கையா செயற்கையா, சாயம் உண்டா, மெழுகு உண்டா. கூடவே, கல் மென்மையானது என்பதால், மோதிரத்தில் விளிம்பு மூடிப் பதித்திருக்கிறதா என்பதையும், அல்ட்ராசோனிக் கருவியில் கழுவக் கூடாது என்பதையும் கடைக்காரர் சொல்லியாக வேண்டும்.