ஓலைச்சுவடியும் கணிப்பொறிக் கோப்பும்



பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில், 1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதனைத் தோற்றுவித்தது. அந்நிறுவனத்தின் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகா கண்ட கனவின் பயன் இது. இங்குள்ள கணிப்பொறிகள் ஓயாது செய்துவரும் தொழில்களுள் ஒன்று பிரதி எடுத்தல். அத்தொழில் தமிழர்க்குப் புதியதன்று.

இவ்வூருக்கு நான் குடிபெயர்ந்தபோது நேர்ந்ததைச் சொல்கிறேன். என் தகப்பனார் கைப்பட எழுதிய குறிப்பேடுகளைப் படம் பிடித்துக் கணிப்பொறியில் வைத்திருந்தேன். மூல ஏடுகளை ஊரில் கறையான் தின்றுவிட்டது. அப்படங்களை வேறொரு சேமிப்புக் கருவிக்கு மாற்றினேன். பணி முடிந்தது என்று திரை அறிவித்தது. அதனை நம்பிப் பழையவற்றை அழித்துவிட்டேன். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு பக்கங்கள் திறக்கவேயில்லை. பிரதி எடுத்தல் வேறு, பிரதியைச் சரிபார்த்தல் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலையில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் அருகியிருந்தது; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் படியெடுக்குந்தோறும் பிழை புகுந்தது. இதற்குக் காவலாகச் சில முறைகள் அமைந்தன. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வரும் அந்தாதியில், இடையில் ஒன்று விடுபட்டால் தொடர் அறுபட்டு உடனே தெரிந்துவிடும். புறநானூறு என்ற பெயரே நானூறு பாடல்கள் என்னும் கணக்கைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் 267, 268-ஆம் பாடல்கள் மறைந்தன என்பதை நாம் அறிகிறோம். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை என்பதையும் அவ்வாறே அறிகிறோம்.

ஆயினும் கணக்கு இழப்பைக் காட்டுமேயன்றி, இழந்ததை மீட்டுத் தராது. மீட்பதற்கு வேறோர் ஊரில் வேறொரு பிரதி இருத்தல் வேண்டும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து சுவடிகளைத் திரட்டியதும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டதும் இக்காரணம் பற்றியே. தாம் கண்ட பாடவேறுபாடுகளை அவர் மறைக்காமல் அடிக்குறிப்பாகவும் காட்டினார்.

கணிப்பொறியிலும் முறை இதுவே. ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்குவதை ஹாஷ் என்பர். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் வேறாகிவிடும். ரொனால்டு ரிவெஸ்ட் அமைத்த எம்.டி.5 என்னும் முறை 1992-இல் வெளிவந்தது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு வேண்டுமென்றே அமைக்க இயலும் என்பதைச் சீன அறிஞர் சியாவுன் வாங் குழுவினர் 2004-இல் மெய்ப்பித்தனர். ஆதலின் இன்று 64 எழுத்துக்குறிகளால் எழுதப்பெறும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையைக் கொள்வதே நலம்.

மென்பொருளைத் தெரிந்தெடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். எழுதி முடித்தபின் பிரதியை மீண்டும் படித்து மூலத்தோடு ஒப்பிடுகிறதா? தவறிய கோப்பின் பெயரைச் சொல்கிறதா? பிற்காலத்தில் ஒப்பிட, எண்களின் பட்டியலைத் தருகிறதா? டெராகாப்பியில் ஒப்பிடும் வசதி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் 1996-இல் உருவாக்கிய ஆர்சிங்க், தான் அனுப்பும் கோப்பைச் சரிபார்க்கும். ஆனால் முன்பே உள்ள கோப்பின் அளவும் தேதியும் ஒத்திருந்தால், நாம் தனியே கட்டளையிட்டாலன்றி, உள்ளே படித்துப் பாராமல் விட்டுவிடும். இந்நுட்பத்தை அறிந்தே அதனைக் கையாளுதல் வேண்டும்.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, பெற்றோர் படமும் கடிதமும் வீட்டுப் பத்திரமும் இன்று கோப்புகளாகவே உள்ளன. ஒரு பிரதி நம்மிடமும், ஒன்று ஊரிலும், மற்றொன்று உடன்பிறந்தார் வீட்டிலும் இருக்கட்டும். சரிபார்க்குமுன் எதனையும் அழியாதீர்கள். சரசுவதி பூசையில் அடுக்கிய ஏடுகளை விஜயதசமியன்று பிரித்துப் படிப்பது நம் மரபு. அந்நாளில் அவ்வெண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். என் தகப்பனார் எழுதிய அந்த நான்கு பக்கங்களில் என்ன இருந்தது என்பதை இனி நான் அறியமாட்டேன். உங்கள் இல்லத்தில் அந்நிலை வாராதிருக்கட்டும்.