குடத்தில் யாருடைய ஓலை?

எகிப்து நாட்டுக் கர்னாக் கோயிலைக் காண விழையாத இளைஞரும் உண்டோ! ஒரகடத்து ஆலையில் இரவுப் பணி பார்த்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, அங்கே செல்லத் திட்டமிடுவோரை நாம் தடுக்கவில்லை. அந்நாட்டுச் சித்திர எழுத்து பல நூற்றாண்டுகள் ஊமையாய்க் கிடந்தது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அதனைப் பேசவைத்தார். ஆனால் தோழர்களே, நம் மொழியிலேயே பேசும் சுவர் ஒன்று நம் காஞ்சிபுர மாவட்டத்தில் நிற்கிறதே! அதைப் படித்தோமா?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில்தான் அது. ஒரு விடுமுறை நாள் போதும். வாலாசாபாத் வழியே காஞ்சிபுரம். அங்கிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்து. தேங்காயும் கற்பூரமும் வேண்டா. கல்வெட்டின் அச்சுப்படி ஒன்று வேண்டும். பழந்தமிழ் எழுத்தோடு கிரந்தமும் கலந்திருப்பதால், அது கையில் இன்றேல் சுவர் வெறும் சுவரே.

முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் அங்கே உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஊர்ச்சபை கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும்! ஓலையை மாற்றிவிடுவான் என்ற ஐயம் அன்றே இருந்திருக்கிறது, ஐயுற்றவர் அறிவுடையோர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் புக முடியாது. இந்த விதியை இன்று கொண்டுவந்தால் எத்தனை மாளிகைகள் காலியாகும்!

பாராட்டுவோம். ஆயினும், அடுத்த வரியையும் படிக்கவேண்டாமா?

கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மந்திரமும் பிராமணமும் கற்றிருக்கவேண்டும். வேதத்தில் புலமை மிகுந்தால் நிலத்தில் பாதி குறைந்தாலும் குற்றமில்லை! உத்திரமேரூர் பிரமதேயமாகிய சதுர்வேதிமங்கலம் என்பதை மறந்து இதனைப் படிக்கலாகாது. உழுதவனுக்கு வேதம் இல்லை. வேதம் இல்லாதவனுக்கு ஓலை இல்லை. அவன் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டா.

2020 டிசம்பர் 10ஆம் நாள், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் இக்கல்வெட்டை மக்களாட்சியின் சான்றாக எடுத்துக்காட்டினார். சான்றுதான், எவருடைய ஆட்சிக்கு என்பதே நம் கேள்வி. வயது வந்த ஆணும் பெண்ணும், நிலமுடையவரும் நிலமற்றவரும் ஒரே வாக்குப் பெற்றது பராந்தகன் காலத்திலன்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பினால். ஒரகடத்து வாடகை அறையில் எட்டுப் பேரோடு படுத்துறங்கும் தொழிலாளிக்குச் சொந்த மனை ஏது? அன்றைய குடத்தில் அவன் ஓலை விழுந்திராது.

சுவரைப் படித்து முடித்ததும் ஊரின் பெரிய ஏரிக்குச் செல்க. அதனைக் காக்க ஏரி வாரியத்துக்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று கல்வெட்டு கூறுகிறது. மண் சுமந்து அக்கரையை எழுப்பியவர்களுள் எத்தனை பேர் அந்த அறுவருள் ஒருவராக முடிந்திருக்கும் என்பதைக் கரைமேல் நின்று எண்ணிப் பாருங்கள்.