கர்ப்பகாலக் கருப்பை ஏற்பிகள்

கருப்பையின் தசையிலும் உட்சவ்விலும் இருந்து, ஹார்மோன்களை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள் கருப்பை ஏற்பிகள். கர்ப்பகாலத்தில் இவற்றின் எண்ணிக்கையையும் வகையையும் கூட்டிக் குறைப்பவையும் ஹார்மோன்களே. சுமார் 40 வாரம் அடங்கியிருந்து கருவைத் தாங்கும் கருப்பை, பிறகு சில மணி நேரத்தில் வலுவாகச் சுருங்கிக் குழந்தையை வெளியேற்றுவதற்கு இந்த மாற்றம் அடிப்படை. இரத்தத்தில் ஓடும் ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது.

அமைதிக் காலம்

பதிந்த கரு சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன், சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியத்தைப் புரொஜெஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. 7 முதல் 9 வாரங்களில் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. புரொஜெஸ்டிரோன் தன் ஏற்பியுடன் சேர்ந்து செல்லின் உட்கருவில் மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினின் ஏற்பியும், தசைச் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கானெக்சின்-43 புரதமும் அப்போது குறைவாகவே உருவாகின்றன. இணைப்புகள் குறைவு என்பதால் ஒரு செல்லின் மின்துடிப்பு கருப்பை முழுவதும் பரவுவதில்லை. சூட்டு வலி எனப்படும் பொய் வலி வந்தாலும் பிரசவமாக வலுக்காமல் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரசவத்தை நோக்கி

செம்மறி ஆட்டில் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவு சரிகிறது. மனிதரில் அவ்வாறு சரிவதில்லை. அதன் செயல்தான் தளர்கிறது. புரொஜெஸ்டிரோன் ஏற்பிக்கு ஏ, பி என்ற இரு முக்கிய வடிவங்கள் உண்டு. பி வடிவம் கருப்பையை அமைதிப்படுத்துகிறது. பேறுகாலம் நெருங்கும்போது ஏ வடிவத்தின் விகிதம் உயர்ந்து பி-யின் செயலைத் தடுக்கிறது. அதோடு ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்க, ஆக்சிடோசின் ஏற்பிகளும் கானெக்சின்-43 இணைப்புகளும் பெருகுகின்றன.

அன்னா-ரீட்டா ஃபூக்ஸ் குழுவினர் 1982இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்தின் தொடக்கத்தில் ஆக்சிடோசின் ஏற்பிகள் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆக்சிடோசின் அளவு பெரிதாக ஏறாமலேயே கருப்பை அதற்கு இணங்குவது இதனால் விளங்குகிறது. ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடித் தசை சுருங்குகிறது. உட்சவ்வில் உள்ள ஏற்பிகள், கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தூண்டுகின்றன.

ஆய்வு வரலாறு

பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருக்குவதை ஹென்றி டேல் 1906இல் பதிவு செய்தார். அந்தச் சாற்றில் உள்ள, ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன ஆக்சிடோசினை 1953இல் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டூ வின்யோ 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மனித ஆக்சிடோசின் ஏற்பியின் மரபணு வரிசை 1992இல் வெளியானது.

புரொஜெஸ்டிரோன் ஏற்பியை அடைத்துவிடும் மிஃபெப்ரிஸ்டோன் பிரான்சின் ரூசல்-யூக்லாஃப் நிறுவனத்தில் உருவானது. அதன் பின்னணியில் இருந்தவர் ஆய்வாளர் எத்தியேன்-எமில் போலியோ. பிரான்ஸ் 1988இலும் இந்தியா 2002இலும் இம்மருந்துக்கு அனுமதி அளித்தன.

புதுச்சேரியும் மருத்துவப் பயன்பாடும்

பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய புதுச்சேரி மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர் மருத்துவமனை. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. விழுப்புரம், கடலூர் பகுதிப் பெண்களும் பேறுகாலச் சிக்கல்களுக்கு இங்கே வருகின்றனர். நகரில் இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் உள்ளது.

இத்தகைய மருத்துவமனைகளின் பிரசவ அறையில் வலி வரவைக்க ஏற்றும் ஆக்சிடோசின் டிரிப்ஸ் ஏற்பிகளை நம்பியே வேலை செய்கிறது. ஏற்பிகள் குறைவான தொடக்க மாதங்களில் அதன் பலன் குறைவு; நிறைமாதத்தில் சிறிய அளவே போதும். ஆனால் டிரிப்ஸ் நெடுநேரம் ஓடினால் ஏற்பிகள் மரத்துப்போய் எண்ணிக்கையிலும் குறைகின்றன. அதன்பின் குழந்தை பிறந்ததும் கருப்பை சரியாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு ஏற்படலாம். அப்போது மிசோபுரோஸ்டால், கார்போபுரோஸ்ட் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் ஏற்பிகள் வழியே உதவுகின்றன. குறைமாத வலியைத் தணிக்கும் அட்டோசிபான், ஆக்சிடோசின் ஏற்பியை அடைக்கும் மருந்து.

ஆக்சிடோசின் ஊசிமருந்தைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். புதுச்சேரி போன்ற வெப்பமான ஊர்களில் குளிர்பதனம் தவறினால் வீரியம் குறையும். அதே ஏற்பியைத் தூண்டும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசினை உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதித்தது. 500 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட இரத்த இழப்பைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று 2018இல் முடிவு வெளியானது.