தூக்குகிறவர் கணக்கு

வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மிஷினுக்குப் பிறந்த இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம். சட்டன் என்ற சிற்றூர்ப் பக்கத்து விவசாயி உம்மோ லூபன் 1903 வாக்கில் இதை யோசித்து, 1910ல் காப்புரிமை வாங்கினார். அதுவரை காய்ந்த புல்லைப் பெட்டிக்குள் திணித்து இடித்துச் சதுரக் கட்டாக்குவதுதான் வழக்கம். லூபன் அதைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினார். இலை உதிராமல் உள்ளேயே மடங்கிக்கொண்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து போனது.

நல்ல யோசனைக்கும் ஆள் கிடைக்க நாளாகும். அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி 1940ல் உரிமையை வாங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு 1947ல்தான் ‘ரோட்டோ பேலர்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆள் தூக்கி வண்டியில் போடக்கூடிய சின்னக் கட்டு அது. ஆனால் கட்டு நிறையும் ஒவ்வொரு முறையும் டிராக்டரை நிறுத்த வேண்டும். கயிறு சுற்றி, கட்டு கீழே விழுந்த பிறகே நகரலாம். பென்சில்வேனியாவில் எட்வின் நோல்ட் உருவாக்கி, நியூ ஹாலண்ட் கம்பெனி 1940 முதல் விற்ற சதுரக்கட்டு மிஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓடிக்கொண்டே முடிச்சும் போட்டுவிடும். சந்தை பெரும்பாலும் அதன் பக்கம் போனது.

1971ல் அயோவாவின் கேரி வெர்மீர் உருளையை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை ஒரு கட்டு ஏறக்குறைய ஒரு டன். மனிதன் தூக்க வேண்டிய பேச்சே இல்லை. டிராக்டரில் மாட்டிய இரும்பு முள் குத்தித் தூக்கிக்கொள்ளும். பண்ணையில் கூலிக்கு ஆள் இல்லாத நாட்டுக்கு அது பொருத்தம். சின்ன உருளை கட்டிய ரோட்டோ பேலரின் உற்பத்தி அந்தப் பத்தாண்டிலேயே நின்றது.

காவிரி டெல்டாவுக்கு வந்து சேர்ந்தது வெர்மீரின் ராட்சத உருளை அல்ல, லூபனின் சின்ன உருளைதான். மிஷின் வேறு, கம்பெனிகள் வேறு. அளவு மட்டும் பழைய அளவு. தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் தை, மாசியில் கிடக்கிற கட்டுகளைப் பாருங்கள். விட்டம் இரண்டடி, நீளம் மூன்றடி, எடை 20 முதல் 30 கிலோ. வரப்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, லாரி நிற்கும் ரோடுவரை அதைத் தலையிலோ தோளிலோ வைத்துக் கொண்டுபோக ஆள் இருக்கிறது. ஒரு டன் கட்டு இங்கே விழுந்தால், விழுந்த இடத்திலேயே கிடந்து மக்க வேண்டியதுதான்.

இந்த மிஷினுக்கு இங்கே வேலை கொடுத்தது அறுவடை மிஷின். கையால் அறுத்து, அரிக்கட்டு தூக்கி, களத்தில் அடித்த காலத்தில் வைக்கோல் தானாகவே களத்துக்கு வந்துவிடும். அங்கேயே போர் போட்டுவிடலாம். அறுவடை மிஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே பின்னால் வரிவரியாகத் துப்பிவிட்டுப் போகிறது. அதை அள்ளிக் கட்ட ஆகும் கூலியை வைக்கோல் விலை தாங்காது. போட்டுவிடவும் முடியாது. காரணம், உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். அறுத்த வயலில் வைக்கோல் வரி கிடக்கிற இடத்தில் முளை வெளிச்சம் காணாமல் வெளுத்துப்போகும். எடுக்க மிஷினை இறக்கினாலோ டயர் முளையை மிதிக்கும். எந்தத் தடத்தில் அறுவடை மிஷின் போனதோ அதிலேயே ஓட்டச் சொல்லி விவசாயி கூடவே நடப்பது இதனால்தான். அவர் வைக்கோலுக்காக நடக்கவில்லை, உளுந்துக்காக நடக்கிறார்.

மிஷினை மாட்டுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சோம்பல் கூடாது, அவ்வளவுதான். இழுவைக் கம்பியில் பின் போட்டு, டிராக்டரின் விசையை மிஷினுக்குக் கடத்தும் பிடிஓ ஷாஃப்டை இணைக்க வேண்டும். ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். நேராகப் போகும்போது கழன்றுவிடாத அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும், திருப்பும்போது முட்டிக்கொள்ளாத அளவுக்கு இடமும் விட வேண்டும். வைக்கோலை வாரும் கம்பிப் பற்கள் மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் கட்டுக்குள் சேறு போகும், அந்தக் கட்டை மாடு முகர்ந்துவிட்டு விலகும். கயிற்றுப் பந்திலிருந்து நுனியை வளையங்கள் வழியாகக் கோத்து விடுவது கடைசி வேலை. ஒரு வளையம் தப்பினாலும் கட்டு கயிறில்லாமல் விழுந்து அவிழும்.

ஓட்டுவதில்தான் கை தெரியும். வைக்கோல் வரி மிஷினின் வாயைவிடக் குறுகலாக இருந்தால், நேராக ஓட்டக்கூடாது. கொஞ்ச தூரம் இடதுபக்கம் வாங்கி, கொஞ்ச தூரம் வலதுபக்கம் வாங்கி ஓட்டினால்தான் உள்ளே சீராகப் பரவும். இல்லையென்றால் நடு பெருத்து ஓரம் தளர்ந்த கட்டு வரும். லாரியில் அடுக்கினால் சரியும். உள்ளே நிறைந்ததும் மிஷின் ஒலி எழுப்பும். டிரைவர் நிறுத்துவார், கயிறு சுற்றும், பின்கதவு திறக்கும், கட்டு உருண்டு விழும். ரோட்டோ பேலரைப் போலவே இதுவும் நின்றுதான் கட்டுகிறது.

தை மாதப் பனி காயுமுன் மிஷினை இறக்குகிறவரிடம் வைக்கோல் வாங்காமல் இருப்பது நல்லது. ஈரத்தோடு இறுக்கிய கட்டு உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்; வெளியே பொன்னிறமாகவே இருக்கும், பிரித்தால்தான் தெரியும். ஈர வைக்கோல் பற்களிலும் சுற்றிக்கொள்ளும். அப்போது பிடிஓவை அணைக்காமல் கையை விடுவது மகா ஆபத்து. அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. வைக்கோலைப் பற்றிய கை அதை விட நினைப்பதற்குள் மிஷின் இழுத்துவிடும். லுங்கியும் துண்டுமாக ஷாஃப்ட் பக்கம் நிற்பதும் அப்படியே. உறையில்லாத ஷாஃப்டோடு வருகிற வாடகை மிஷினை வயலில் இறக்க விடவே கூடாது என்பேன்.

கட்டு லாரியேறுகிறது. கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் டெல்டா வைக்கோல் போகிறது. கட்டிப் போட்டதால்தான் அவ்வளவு தூரம் போக முடிகிறது. உதிரி வைக்கோல் ஏற்றினால் லாரி பாதிக் காற்றைத்தான் சுமக்கும்.

போய்ச் சேர்ந்த தொழுவத்தில் பாக்கியிருப்பது ஒரு சின்ன வேலை. கட்டை உருட்டிப் பிரிக்குமுன் கயிற்றை அறுத்து முழுவதுமாக உருவி எடுக்க வேண்டும். சணலென்றால் துண்டு போனாலும் பாதகமில்லை. பிளாஸ்டிக் கயிறானால் மாடு வைக்கோலோடு சேர்த்து விழுங்கும். அது செரிக்காமல் இரைப்பையிலேயே சுருண்டு கிடக்கும். கட்டுக் கூலி பேசும்போதே எந்தக் கயிறு என்று கேட்கிற விவசாயிகள் இன்னும் குறைவு. வாங்குகிற மாட்டுக்காரர்தான் கேட்டுப் பழக வேண்டும்.