ஒரே ஓட்டல், இரண்டு கிளாஸ்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே டீக்கடை பாய்லர்கள் கொதிக்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறுவார்கள். வெயில் ஏறிய பிறகு அதே தெருக்களில் ஏலக்காய் ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி இந்த இரு தரப்பாரிடமும் கேட்டால் ஒரே பதில் வராது. சாம்பாரில் உப்பில்லை, பரோட்டா பிரமாதம், பில்தான் அதிகம் என்று இன்றைக்கு நாம் குறை நிறை பேசுகிறோம். மூன்று தலைமுறைக்கு முன்னால் பேச்சே வேறாக இருந்தது. உள்ளே விடுவார்களா, எங்கே உட்காரவைப்பார்கள், எந்தப் பாத்திரத்தில் தருவார்கள்?

மதுரைச் சீமையில் வழிப்போக்கருக்குச் சோறு என்பது வெகுகாலம் விற்பனைப் பொருளாக இருக்கவில்லை. ராணி மங்கம்மாள் காலத்துச் சத்திரங்கள் அதற்குச் சாட்சி. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு சத்திரம் இன்றும் இருக்கிறது. சோற்றைக் காசுக்கு விற்கும் கடைகள் பெருகியதற்குப் போக்குவரத்தும் சந்தையும்தான் காரணம். போடிக்கு அந்தப் போக்குவரத்து மலையிலிருந்து இறங்கியது. மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-ல் அதற்குப் பதிலாகக் குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிப் பக்கம் இறங்கிய தேயிலைப் பெட்டிகள், மாட்டுவண்டி ஏறிப் போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு வருடம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. வண்டிக்காரர், சுமைக்காரர், கங்காணி, தரகர், தோட்டத்து எழுத்தர் என்று எல்லோரும் பசியோடு வந்து சேருகிற ஊராக அது மாறியது.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் ஓட்டலுக்குப் பெயர் காப்பி கிளப். பெரும்பாலானவற்றின் வாசலில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருக்கும். காப்பி இங்கே பரவிய கதையை ஆராய்ந்து ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலை எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி, இந்தக் கிளப்புகளில் சாதி எப்படி இடம் பிரித்தது என்பதையும் காட்டியிருக்கிறார். பிராமணர்களுக்கு உள்ளே ஓர் இடம், மற்றச் சாதியாருக்கு வேறோர் இடம். தலித்துகளுக்கு வாசலே எல்லை. ஒரே அடுப்பில் போட்ட காப்பிதான். ஆனால் அதைக் குடித்து வந்தவர்களின் அனுபவம் அவரவர் பிறப்புக்கு ஏற்ப வேறுபட்டது.

இது தனியார் முதலாளிகளின் பழக்கம் மட்டுமல்ல. போடி ரயிலை ஓட்டிய தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களிலேயே பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனிச் சாப்பாட்டு அறைகள் இருந்தன. ஒரே டிக்கெட், ஒரே பெட்டி. சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு வாசல். பெரியாரும் அவரது இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல் அந்தப் பிரிவினை நீங்கியது. ஓட்டல் பலகைகள் அதற்குப் பின்னும் தொங்கின. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு ‘பிராமணாள்’ பெயர் அழிப்புப் போராட்டம் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் போய் நின்றார்கள், கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த மறியலில் சிறைக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில். கடைசியில் பலகையில் இருந்த அந்தச் சொல் போயிற்று.

சட்டம் அதற்கு முன்பே பேசிவிட்டது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-வது பிரிவு, உணவகங்களுக்குள் நுழைய சாதியைக் காரணம் காட்டித் தடை போடக் கூடாது என்கிறது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போய், பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் புழங்கவிடாமல் தடுப்பதையே குற்றமாக்கியது. அதை எழுதியவர்களுக்கு டீக்கடைகள் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியும் இரட்டைக் கிளாஸ் ஒழிந்துவிடவில்லை. தென்மாவட்டக் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி கிளாஸ் வைத்த டீக்கடைகளைத் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும், மதுரையில் இயங்கும் எவிடன்ஸ் அமைப்பும் இந்த நூற்றாண்டிலும் கண்டறிந்து வெளியிட்டிருக்கின்றன. சில கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குக் குடித்ததும் எறிகிற காகிதக் கப். பார்ப்பவருக்கு அது சுத்தம்போலத் தெரியும். இதைவிடக் கொடிய தந்திரம் இல்லை.

இதே மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள வடக்கம்பட்டி, விவசாயம் கைகொடுக்காத ஊர். அங்கிருந்து 1930களில் காரைக்குடிக்குப் போன சுப்பா நாயுடு, குலதெய்வத்தின் பெயரில் ஸ்ரீ முனியாண்டி விலாஸ் என்ற அசைவ ஓட்டலைத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஊராரும் உறவினரும் ஆளுக்கொரு ஊரில் அதே பெயரில் கடை போட்டார்கள். தலைமை அலுவலகமோ பொது முதலாளியோ இல்லாமல் பரவிய பெயர் அது. வேதமும் சாஸ்திரமும் பேசாத ஒரு காவல் தெய்வத்தின் பெயர் ஓட்டல் வாசலில் ஏறியதும், ஆட்டுக்கறிக் குழம்பு கடைவீதியின் நடுவில் தலைநிமிர்ந்து விலைபோனதும் சாதாரண மாற்றமல்ல. வருடந்தோறும் தை மாதம் ஓட்டல்காரர்கள் ஊர் திரும்பி முனியாண்டிக்குப் பொங்கல் வைப்பார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்களையும் சேவல்களையும் அண்டா அண்டாவாகப் பிரியாணியாக்கி, வருகிற எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுப்பார்கள்.

மறுபடி போடிக்கே வருவோம். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம். 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்கள் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. எல்லை தாண்டிய பூப்பாறை, சாந்தன்பாறைக் கடைகளில் மட்டை அரிசிச் சோறும் கட்டன் சாயாவும் கிடைக்கும். பரோட்டா மட்டும் எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான். காய் பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கடைகளில் பெரிதாக வேலை இல்லை. கூலியில் ஒரு பங்கை மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? விடியுமுன் வடித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்த சோறு மதியத்துக்குள் ஆறிப்போகும். சாரலில், அட்டைகளுக்கு நடுவே, ஏலச்செடி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி குனிவார்கள்.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 150 தொழிலாளர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் கேன்டீன் நடத்த வழி செய்தது. பெரிய தேயிலைக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய எண் அது. ஏலமலையில் பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். அன்றாடம் ஜீப்பில் வந்து போகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் வந்ததே அபூர்வம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு கொட்டகையும் ஓர் அடுப்பும் பெரிய செலவில்லை. வரும் பறிப்புப் பருவத்திலாவது அதைச் செய்யட்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வைக்கட்டும்.